வீணென ஏதுமில்லை

நுழையுமுன்

நம் வீட்டு வாயிலில் நிற்கும் இருசக்கர வண்டி ஓடப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் நிலத்தடியிலிருந்து நேராகக் கிடைப்பதில்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரித்தெடுக்கப்படுகிறது. அவ்வாறு பிரித்த பின்னர் எஞ்சும் கெட்டியான கசடு எண்ணெயை என்ன செய்வது? அதனை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைத்துப் பயனுள்ள எரிபொருளாக மாற்றலாம் என வழி கண்டவர்களுள் முன்னோடி, ரஷ்ய நாட்டுப் பொறியாளர் விளாதிமிர் ஷுகோவ். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

ரஷ்யாவின் தென்மேற்குப் பகுதியில் கிரைவரோன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1853ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் ஷுகோவ் பிறந்தார். தந்தையார் கிரிகோரி, தாயார் வேரா. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பள்ளிக் கல்வியை 1871இல் முடித்த அவர், மாஸ்கோவில் இருந்த அரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஏட்டுக் கல்வியோடு பட்டறைப் பயிற்சியும் கட்டாயமாக இருந்தது. காலையில் கணக்கு எழுதிய கை, மாலையில் உலோகத்தை அராவியது. இவ்விரண்டையும் ஷுகோவ் ஒருங்கே விரும்பினார்.

1876இல் சிறப்புத் தகுதியுடன் அவர் படிப்பை முடித்தார். அப்போது புகழ்பெற்ற கணித அறிஞரான செபிஷேவ் தமக்கு உதவியாளராக வருமாறு அவரை அழைத்தார். இளைஞர் எவரும் எளிதில் மறுக்க இயலாத அழைப்பு அது. எனினும், கணக்கைத் தாளில் நிறுத்திவிடாமல் இரும்பிலும் எண்ணெயிலும் செயற்படுத்திக் காணவே ஷுகோவின் உள்ளம் விழைந்தது. ஆகவே, அவ்வழைப்பைப் பணிவுடன் மறுத்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மாபெரும் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதனைக் காண அனுப்பப்பட்ட ரஷ்யக் குழுவில் ஷுகோவும் இடம்பெற்றார். அங்கே அலெக்சாந்தர் பாரி என்னும் பொறியாளரின் நட்பு கிடைத்தது. நாடு திரும்பிச் சிறிது காலம் இருப்புப்பாதை அலுவலகத்தில் பணியாற்றிய ஷுகோவை, 1878இல் பாரி தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டு பாகு நகருக்கு அனுப்பினார்.

எண்ணெய் நகரில் இளம் பொறியாளர்

காஸ்பியன் கடற்கரையில் அமைந்த பாகு, இன்று அஜர்பைஜான் நாட்டின் தலைநகர். அந்நாளில் அது ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அப்பகுதியில் நிலத்தடி வாயு வெளிப்பட்டுத் தானே எரியும் இடங்கள் உண்டு. பாகுவுக்கு அருகே சுராகானி என்னும் ஊரில் உள்ள தீக்கோயிலில், அங்கு வணிகத்தின் பொருட்டுச் சென்ற இந்தியர் பொறித்த வடமொழிக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம்.

ஷுகோவ் சென்றபோது பாகுவில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியிருந்தன. ஆயினும், கிணற்றிலிருந்து ஆலைக்குக் கச்சா எண்ணெய் மர மிடாக்களில் அடைக்கப்பட்டு மாட்டுவண்டிகளிலும் குதிரைவண்டிகளிலும் சென்றது. வழியெங்கும் எண்ணெய் சிந்தியது, செலவும் மிகுந்தது. நோபல் பரிசை நிறுவிய ஆல்பிரட் நோபலின் உடன்பிறந்தோர் அங்கே எண்ணெய்த் தொழில் நடத்தி வந்தனர். அவர்களுக்காக ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்ப் பாதையை ஷுகோவ் அமைத்தார். ரஷ்யாவின் முதல் எண்ணெய்க் குழாய்ப் பாதை அதுவே. தங்கள் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய வண்டிக்காரர்கள் குழாயைச் சேதப்படுத்தினர். பாதை நெடுகக் காவற்கோபுரங்கள் அமைக்க வேண்டியதாயிற்று. புதிய கருவி ஒன்று வரும்போது அதனால் பயன்பெறுவோரும் உண்டு; வாழ்விழப்போரும் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பாகுவில் ஷுகோவின் கண்ணில் பட்ட மற்றொன்று மசூத். அக்காலத்தில் மக்களுக்குத் தேவைப்பட்டது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் மட்டுமே. கச்சா எண்ணெயைக் காய்ச்சி மண்ணெண்ணெயை வடித்தெடுத்த பின்னர், பாதிக்கும் மேற்பட்ட பகுதி கரிய, கெட்டியான கசடாக எஞ்சியது. அதனையே மசூத் என்றனர். குழிகளில் கொட்டியும் வீணே எரித்தும் அதனை ஒழித்தனர். எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் பெட்ரோலும் அந்நாளில் ஆபத்தான வேண்டாப் பொருளாகவே கருதப்பட்டது.

எல்லாரும் கழிவு என ஒதுக்கியதை ஷுகோவ் எரிபொருளாகக் கண்டார். நீராவியின் விசையால் மசூத்தை நுண்துளிகளாகச் சிதறச்செய்யும் தெளிப்பானை அவர் வடிவமைத்தார். குழியில் கரும்புகை கக்கிய அதே கசடு, நுண்துளிகளாகிக் காற்றோடு கலந்ததும் நன்கு எரிந்தது. கப்பல்களும் ஆலைக் கொதிகலன்களும் மசூத்தால் இயங்கத் தொடங்கின.

எண்ணெயைச் சேமிக்கும் கலன்களையும் அவர் புதிதாக வடிவமைத்தார். கலனின் அடிப்பகுதியில் எண்ணெயின் அழுத்தம் மிகுதி; மேற்பகுதியில் குறைவு. ஆகவே, சுவரின் கீழ்ப்பகுதியைத் தடித்த தகட்டாலும் மேற்பகுதியை மெல்லிய தகட்டாலும் அமைத்தார். தேவைக்கு மேல் ஒரு பிடி இரும்பும் செலவாகவில்லை. எதனையும் வீணாக்காமை என்பது அவர் பணி முழுவதும் இழையோடிய கொள்கையாயிற்று.

சங்கிலி உடைவது எங்ஙனம்?

மசூத்தை எரிப்பது ஒரு வழி. அதனை மண்ணெண்ணெயாகவே மாற்ற இயலுமா? ஷுகோவின் அடுத்த வினா இதுவே. இதனை அறிய, எண்ணெயின் இயல்பை நாம் சிறிது அறிதல் வேண்டும்.

கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று. பற்பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. கார்பன், ஹைட்ரஜன் ஆகிய இரண்டு தனிமங்கள் மட்டுமே சேர்ந்த சேர்மம் ஹைட்ரோகார்பன் எனப்படும். அதன் மூலக்கூற்றில் கார்பன் அணுக்கள், தொடர்வண்டியின் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஹைட்ரஜன் அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும். ஒன்று முதல் நான்கு வரை கார்பன் அணுக்கள் உடையவை வாயுக்கள். நம் சமையல் எரிவாயு இவ்வகையினது. ஏறத்தாழ ஐந்து முதல் பன்னிரண்டு வரை உடையவை பெட்ரோலில் உள்ளன. பத்து முதல் பதினாறு வரை உடையவை மண்ணெண்ணெயில் மிகுதி. இருபதுக்கு மேற்பட்ட நீண்ட சங்கிலிகள் கெட்டியான கசடில் நிறைந்துள்ளன.

சங்கிலி நீள நீளக் கொதிநிலை உயரும். ஆதலால், கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது குறுஞ்சங்கிலிகள் முதலில் ஆவியாகும், நெடுஞ்சங்கிலிகள் பின்தங்கும். இவ்வாறு பிரிப்பதே காய்ச்சி வடித்தல். ஆனால், அது பிரிக்குமேயன்றி மாற்றாது. இயற்கை எவ்வளவு குறுஞ்சங்கிலிகளை வைத்துள்ளதோ அவ்வளவே நமக்குக் கிடைக்கும்.

மேலும் வேண்டுமாயின், நெடுஞ்சங்கிலியை உடைக்க வேண்டும். எண்ணெயின் வெப்பநிலை 400 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மூலக்கூறுகள் கடுமையாக அதிர்கின்றன. அவ்வதிர்ச்சியைத் தாங்காமல் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு அறுகிறது. பெட்டிகளுக்கு இடையிலுள்ள கொக்கி கழன்றால் நீண்ட வண்டி இரண்டாவது போல, ஒரு நெடுஞ்சங்கிலி இரண்டு குறுஞ்சங்கிலிகளாகிறது. அறுபட்ட முனைகள் சும்மா இருப்பதில்லை. அடுத்த மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கின்றன. அதனால் அதுவும் உடைகிறது. இவ்வாறு உடைப்பு தொடர்ந்து பரவுகிறது.

எடுத்துக்காட்டாக, டெக்கேன் மூலக்கூற்றில் 10 கார்பன் அணுக்களும் 22 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது உடைந்து, 8 கார்பனும் 18 ஹைட்ரஜனும் உடைய ஆக்டேனாகவும், 2 கார்பனும் 4 ஹைட்ரஜனும் உடைய எத்திலீனாகவும் மாறலாம். கூட்டிப் பாருங்கள், ஓர் அணுவும் அழியவில்லை, ஓர் அணுவும் புதிதாகத் தோன்றவில்லை.

வெப்பம் மட்டும் போதாதா? அழுத்தம் எதற்கு? நம் அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. மூடிய குக்கரில் அழுத்தம் மிகுவதால், நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது. பருப்பு விரைவில் வேகிறது. எண்ணெயும் அவ்வாறே. திறந்த கலனில் காய்ச்சினால், உடையும் வெப்பநிலையை எட்டுமுன்னரே எண்ணெயின் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். அழுத்தம் அதனைத் தடுத்து வெப்பத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இம்முறையைத் தமிழில் வெப்பச் சிதைத்தல் எனலாம். ஆலைகளில் இதனைக் கிராக்கிங் என்பர்.

காலத்தை முந்திய கண்டுபிடிப்பு

எண்ணெயை மிகையாகச் சூடாக்கினால் அது உடையும் என்பதை அறிஞர் சிலர் முன்னரே கண்டிருந்தனர். ஆனால், அதனை ஆலையில் இடைவிடாது நிகழ்த்துவது எப்படி? பெரிய கொப்பரையில் காய்ச்சினால் அடியில் கரி படியும். வெப்பம் சீராகப் பரவாது. ஷுகோவ் கொப்பரையை விடுத்துக் குழாய்களை எடுத்துக்கொண்டார். உலையினுள்ளே வளைந்து செல்லும் குழாய்களின் வழியே எண்ணெயை அழுத்தத்தோடு ஓடச்செய்தால், ஓடும் எண்ணெய் சீராகச் சூடேறும், ஓரிடத்தில் தேங்காது. தம் உடன்பணியாளர் செர்கேய் கவ்ரீலவுடன் சேர்ந்து இம்முறைக்கு 1891ஆம் ஆண்டு ரஷ்யாவில் காப்புரிமை பெற்றார்.

ஆயினும், அவருக்காக எந்த ஆலையும் எழவில்லை. பாகுவில் கச்சா எண்ணெய் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தது. மண்ணெண்ணெய் போதவில்லையெனில் இன்னும் சிறிது தோண்டினால் போதும். மசூத்துக்கோ, அவருடைய தெளிப்பானாலேயே நல்ல விலை கிடைத்தது. பெட்ரோலில் ஓடும் தானுந்துகளை உலகில் மிகச் சிலரே அப்போது கண்டிருந்தனர். விடை வந்துவிட்டது, உலகம் இன்னும் வினாவை எழுப்பவில்லை.

அவ்வினா அமெரிக்காவில் எழுந்தது. 1908இல் ஹென்றி போர்டு மலிவான தானுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தபின் பெட்ரோலின் தேவை பன்மடங்கு பெருகியது. சிக்காகோவுக்கு அருகே விட்டிங் என்னும் ஊரிலிருந்த எண்ணெய் ஆலையில் வேதியியல் அறிஞர் வில்லியம் பர்ட்டன் தம் குழுவினருடன் 1909 முதல் சோதனைகளைத் தொடங்கினார். கொதிக்கும் எண்ணெயை உயர் அழுத்தத்தில் அடைத்து வைப்பது உயிருக்கே ஆபத்தான செயல். கலன் வெடிக்கலாம் என அஞ்சிய தலைமை அலுவலகம் முதலில் பணம் தர மறுத்தது. 1911இல் நீதிமன்ற ஆணையால் அப்பெரு நிறுவனம் பிரிக்கப்பட்டது. தனித்து நின்ற இண்டியானா நிறுவனம் துணிந்து ஒப்புதல் தந்தது. 1913இல் பர்ட்டன் காப்புரிமை பெற்றார். ஒரு மிடாக் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் ஏறத்தாழ இருமடங்காயிற்று.

ஆலையில் முதலில் பெருமளவில் வென்றவர் பர்ட்டன். குழாய்வழிச் சிதைத்தலுக்கு முன்னரே வரைபடம் தந்தவர் ஷுகோவ். இருவர் பெருமையும் உண்மையே. பிற்காலத்தில் அமெரிக்க நிறுவனங்களுக்கிடையே இக்கண்டுபிடிப்பின் உரிமை குறித்து வழக்குகள் எழுந்தபோது, 1923இல் அமெரிக்கர் சிலர் மாஸ்கோவுக்கு வந்து ஷுகோவைச் சந்தித்து அவருடைய பழைய காப்புரிமையைப் பற்றிக் கேட்டறிந்தனர்.

இரும்பால் நெய்த கோபுரம்

ஷுகோவ் எண்ணெய்த் துறையோடு நின்றுவிடவில்லை. வட இந்திய வீடுகளில் மூடா என்னும் பிரம்பு இருக்கையை நீங்கள் கண்டிருப்பீர்கள். நேரான குச்சிகளைச் சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியே அதன் இடை சிறுத்த வடிவம் அமைகிறது. எடை குறைவாயினும் ஆள் அமர்ந்தால் தாங்கும். இதே வடிவில் நேரான இரும்புக் கம்பிகளைக் கொண்டு ஷுகோவ் கோபுரம் எழுப்பினார். 1896இல் நிஷ்னி நோவ்கரத் நகரக் கண்காட்சியில் அவ்வகையின் முதற் கோபுரம் நின்றது. காற்று ஊடுருவிச் செல்லும் வலைபோன்ற அமைப்பாதலின், மிகக் குறைந்த இரும்பே அதற்குப் போதுமானதாயிற்று.

1917இல் ரஷ்யாவில் புரட்சி நிகழ்ந்தது. பலர் நாட்டை விட்டு வெளியேறினர். ஷுகோவ் தாய்நாட்டிலேயே தங்கினார். மாஸ்கோவில் வானொலிக் கோபுரம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 350 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அவர் திட்டம் வகுத்தார். இரும்புத் தட்டுப்பாட்டால் ஏறத்தாழ 150 மீட்டராகக் குறைக்க நேர்ந்தது. 1921 ஜூன் மாதத்தில் நான்காம் அடுக்கை மேலே உயர்த்தும்போது மூன்றாம் அடுக்கு முறிந்தது. நான்காம் அடுக்கு வீழ்ந்து கீழடுக்குகளையும் சேதப்படுத்தியது. அரசு ஷுகோவுக்கு மரண தண்டனை விதித்து, பணி முடியும்வரை அதனை நிறுத்திவைத்தது. அறுபத்தேழு வயது முதியவர், தலைக்கு மேல் அத்தண்டனை தொங்க, மீண்டும் கணக்கிட்டார், மீண்டும் எழுப்பினார். 1922 மார்ச் மாதம் அக்கோபுரத்திலிருந்து வானொலி ஒலித்தது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அக்கோபுரம் மாஸ்கோவில் இன்றும் நிற்கிறது.

நிறைவுக் காலம்

இளமையில் எழுதிய காப்புரிமை, முதுமையில் உருப்பெற்றது. 1930களின் தொடக்கத்தில் பாகுவில் வெப்பச் சிதைத்தல் ஆலை ஒன்று எழுந்தது. எழுபத்தெட்டு வயதை எட்டிய ஷுகோவ் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டார். ஏட்டில் இருந்த குழாய்கள் உலையில் அமைவதைக் காண அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார். 1939 பிப்ரவரி 2ஆம் நாள் மாஸ்கோவில் மறைந்தார்.

நம் நாட்டிலும் அம்மரபின் சுவடுகள் உள்ளன. பீகாரின் பரௌனி, குஜராத்தின் கோயலி ஆகிய ஊர்களில் 1960களில் எண்ணெய் ஆலைகள் அமையச் சோவியத் நாடு உதவியது. அதே பத்தாண்டில் சென்னை மணலியில் ஆலை அமைக்க இந்திய அரசோடு கைகோத்தவற்றுள் ஒன்று, பர்ட்டன் பணியாற்றிய நிறுவனத்தின் வழிவந்த அமெரிக்க நிறுவனம். ஷுகோவின் நாடும் பர்ட்டனின் நிறுவனமும் இவ்வாறு இந்திய மண்ணில் அடுத்தடுத்துக் கால்பதித்தன.

இன்று நம் தெருவோரங்களில் குவியும் நெகிழிப் பைகளும் நெடுஞ்சங்கிலி ஹைட்ரோகார்பன்களே. அவற்றையும் வெப்பத்தால் உடைத்து எண்ணெயாக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. பாகுவின் மசூத் குழிகளின் முன் ஷுகோவ் எழுப்பிய வினா, இன்று நம் குப்பைமேட்டின் முன் மீண்டும் எழுந்து நிற்கிறது. அதற்கு விடை காண்போர் உங்களுள்ளும் இருக்கலாம்.

சொல்லும் பொருளும்

கசடு – அடியில் தங்கும் மண்டி
மிடா – பெரிய பீப்பாய்
அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
விழைந்தது – விரும்பியது
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனி உரிமை
தானுந்து – கார்
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஷுகோவ் வெப்பச் சிதைத்தல் முறைக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு ________.
2. சங்கிலியின் நீளம் கூடினால் கொதிநிலை ________.
3. டெக்கேன் மூலக்கூற்றில் உள்ள கார்பன் அணுக்கள் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மசூத் என்பது யாது?
2. வண்டிக்காரர்கள் குழாய்ப் பாதையை எதிர்த்தது ஏன்?
3. காய்ச்சி வடித்தலுக்கும் வெப்பச் சிதைத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. எண்ணெயை உடைக்க அழுத்தம் தேவைப்படுவது ஏன் என்பதைப் பிரஷர் குக்கரை எடுத்துக்காட்டி விளக்குக.
2. ஷுகோவின் கண்டுபிடிப்பு உடனே பயனுக்கு வராமைக்குக் காரணங்கள் யாவை?

ஈ. பிரித்து எழுதுக.
நெடுஞ்சங்கிலி, கொதிநிலை, அவ்வதிர்ச்சி, தாய்நாட்டிலேயே

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் வீணெனக் கழிக்கப்படும் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றை மீண்டும் பயன்படுத்தும் வழியைப் பெற்றோரிடமும் பாட்டி தாத்தாவிடமும் கேட்டறிந்து, தமிழில் பத்துத் தொடர்கள் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.